கொசுவின் மீது போட்ட பழி

"கொசுக்கடியால் எய்ட்ஸ் பரவாது." தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இந்த வரியைத் தவறவிட்டிருக்க முடியாது. அரசு மருத்துவமனைச் சுவர், பேருந்து நிலையம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த துண்டறிக்கை என்று எங்கும் அது இருந்தது. கைகுலுக்கினால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது என்ற வரிசையில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததால் அதற்கென்று தனிக் கதை இருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் கொசுவா இல்லையா என்ற கேள்விக்கு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து விடை தேட வேண்டி வந்த ஊர் ஒன்று உண்டு. அது விவசாயக் கூலிகளின் ஊர்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒக்கிச்சோபி ஏரியின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது பெல் கிளேடு. சதுப்பை வடித்து எடுத்த கன்னங்கரிய மண். மண்ணே இவ்வூரின் செல்வம் என்பது நகராட்சியின் முழக்க வாசகம். கரும்பு, மக்காச்சோளம், பீன்ஸ், கீரை வகைகள் எல்லாம் அங்கே செழிக்கும். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் பெருநகரங்களுக்குக் காய்கறி போவது இந்த வட்டாரத்திலிருந்துதான். எண்பதுகளில் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள் சுமார் 17,000 பேர். அறுவடைக் காலத்தில் அந்தக் கணக்கு வீங்கும். அமெரிக்கக் கறுப்பின மக்கள், ஹைட்டியிலிருந்து வந்தவர்கள், ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து கரும்பு வெட்டத் தற்காலிக விசாவில் வந்த ஆண்கள் என்று ஊர் நிரம்பி வழியும்.

1985இல் இந்தச் சிற்றூர் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால், எய்ட்ஸ் நோயாளிகளின் விகிதம் நியூயார்க்கையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் விட இங்கே அதிகம். அன்றைய அமெரிக்கப் பொதுப்புத்தியில் எய்ட்ஸ் என்றால் பெருநகரத்து ஓரினச் சேர்க்கையாளர்களின் நோய், அல்லது போதை ஊசி போட்டுக்கொள்பவர்களின் நோய். போதாக்குறைக்கு 1983இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஹைட்டிக்காரர்கள் எல்லோரையும் ஆபத்துப் பிரிவாகப் பட்டியலில் சேர்த்திருந்தது. 1985இல்தான் அதை நீக்கியது. ஒரு நாட்டில் பிறந்ததையே நோய்க் காரணமாக எழுதிவைத்த அந்த இரண்டாண்டுப் பட்டியல் பொதுச் சுகாதார வரலாற்றின் வெட்கக்கேடுகளில் ஒன்று.

பெல் கிளேடில் நோய் கண்டவர்களில் பலர் இந்தப் பட்டியல்களில் அடங்கவில்லை. அப்படியானால் எப்படி வந்தது? மயாமி பக்கத்தில் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம் ஒன்றை நடத்திய மார்க் வைட்சைடு, கரோலின் மெக்லியோடு என்ற இரு மருத்துவர்கள் ஊரின் சேரிப்பகுதியைக் காட்டினார்கள். ஓர் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் கூலிகள், திறந்த சாக்கடை, குப்பை, எலி, கொசு. திரும்பத் திரும்பக் கொசு கடிப்பதும், கொசு கொண்டுவரும் வேறு வைரஸ்களும் இந்த நோய்க்கு வழி செய்கின்றன என்பது அவர்கள் வாதம். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கொசு எல்லோரையும் கடிக்கும். ஏரிக்கரைச் சேரியில் கடித்த கொசு நாளை கடற்கரை மாளிகையிலும் கடிக்கலாம் அல்லவா? வெளியூர்க்காரர்கள் பெல் கிளேடுக்கு வரவே பயந்தார்கள்.

நோய்க் கட்டுப்பாட்டு மையமும் மாநிலச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆய்வில் இறங்கின. முடிவுகள் 1988இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. 1982 ஜூலை முதல் 1987 ஆகஸ்ட் வரை அந்த ஊரிலிருந்து பதிவான எய்ட்ஸ் நோயாளிகள் 93 பேர். நோயாளிகளிடம் விசாரித்ததோடு நிற்காமல், குடியிருப்புப் பகுதிகளில் 877 பெரியவர்களின் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். 28 பேருக்கு, அதாவது நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல், எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருந்தது.

விடை அந்த எண்ணிக்கையில் இல்லை. யாருக்கு இல்லை என்பதில்தான் இருந்தது. 2 முதல் 10 வயது வரையான குழந்தைகளில் ஒருவருக்கும் தொற்று இல்லை. 60 வயதைக் கடந்தவர்களிலும் இல்லை. தொற்று இருந்ததெல்லாம் இடைப்பட்ட வயதினரிடம். கொசுவுக்கு வயது வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் வாசலில் விளையாடும் பிள்ளையையும் திண்ணையில் படுத்திருக்கும் கிழவரையும் அது முதலில் கடிக்கும். அதே ரத்தத்தில் கொசுவால் பரவும் வேறு வைரஸ்களின் தடயங்களையும் தேடினார்கள். அவை இருந்தவர்களுக்கும் எச்.ஐ.வி. இருந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. காமம், போதை ஊசி என்ற இரண்டு பாதைகளைத் தவிர வேறு பாதை எதையும் அந்த ரத்தம் காட்டவில்லை.

கொசுவால் ஏன் முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொசு ரத்தம் உறிஞ்சும் வழி வேறு, எச்சில் விடும் வழி வேறு. முதல் ஆளிடம் குடித்த ரத்தத்தை அடுத்த ஆளின் உடம்புக்குள் அது கொப்பளிப்பதில்லை. டெங்கு வைரஸ் பரவுகிறதே என்றால், அது கொசுவின் குடல் செல்களுக்குள் புகுந்து, பெருகி, பல நாள் கழித்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேருகிறது. எச்.ஐ.வி. நுழைவதற்குச் செல்லின் மேல் சிடி4 என்ற ஏற்பி வேண்டும். பூச்சியின் செல்லில் அது கிடையாது. உள்ளே போன வைரஸ் ரத்தத்தோடு சேர்ந்து செரிமானமாகிவிடும்.

ஆக, கொசு விடுதலை. வைட்சைடும் மெக்லியோடும் கொசு விஷயத்தில் தவறினார்கள். ஆனால் அந்த வீடுகளைப் பார்க்கச் சொன்னதில் தவறவில்லை என்றே நினைக்கிறேன். அந்த அறைகளில் வாழ்ந்தவர்கள் யார், எப்போது வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று கேட்டால், வைரஸ் போன பாதை தானாகத் தெரியும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். வாரக் கடைசியில் கையில் கூலி. அந்தக் கூலியை நம்பி வரும் பெண்கள். அவர்களும் வறுமையில் இருப்பவர்கள். எண்பதுகளின் நடுவில் மலிவு விலையில் வந்து இறங்கிய கிராக் கொக்கேய்ன். சிகிச்சை பெறாத சிபிலிஸ் புண்; தோலில் புண் இருந்தால் எச்.ஐ.வி. நுழைவதற்குக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். சில ஆண்டுகளுக்குப் பிறகு இதே வட்டாரத்தில் கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 1,082 பேரில் 52 பேருக்குத் தொற்று, அதாவது நூற்றுக்கு ஐந்து. அவர்களில் போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்கு ஆண்–பெண் உறவின் வழியாக வந்தது. போதை ஊசியைத் தொடாத பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்பது அங்கே ரத்தப் பரிசோதனையில் எழுதப்பட்டிருந்தது.

ஆணுறை கொடு, ஊசியைப் பகிராதே என்று சொல், பரிசோதனை செய். தடுப்புக்கான சூத்திரம் அப்போதே தெரியும். அப்புறம் எது தடுத்தது?

விடியுமுன் தொடங்கிவிடும் கூலிகளின் நாள். இருட்டோடு சுமையேற்றும் மேடையில் கூடுவார்கள். மேஸ்திரிகள் பழைய பேருந்துகளில் வந்து ஆள் எடுப்பார்கள். மருத்துவமனை திறக்கும் நேரத்தில் அவர்கள் வயலில் இருப்பார்கள். திரும்பும்போது மருத்துவமனை மூடியிருக்கும். ஒரு நாள் போகவில்லை என்றால் ஒரு நாள் கூலி போச்சு, அடுத்த நாள் மேஸ்திரி ஏற்றிக்கொள்வார் என்பதும் நிச்சயமில்லை. சட்டமும் அவர்களைக் கைவிட்டிருந்தது. குறைந்தபட்சக் கூலிக்காக 1938இல் வந்த தொழிலாளர் சட்டம் விவசாயக் கூலிகளை விலக்கிவைத்தது. 1960இல் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ பெல் கிளேடிலும் பிற இடங்களிலும் எடுத்த தொலைக்காட்சி ஆவணப்படம் நன்றித் திருநாளுக்கு மறுநாள் ஒளிபரப்பானது. நேற்று நீங்கள் சாப்பிட்ட விருந்தை அறுத்துக் கொடுத்தவர்கள் இவர்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் காட்டிய படம். 1962 செப்டம்பரில் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட புலம்பெயர் தொழிலாளர் சுகாதாரச் சட்டத்துக்கு அந்தக் கொந்தளிப்பும் ஒரு காரணம். அந்தச் சட்டத்தின் பணத்தில்தான் கூலிகளுக்கென்று மருத்துவ நிலையங்கள் வந்தன. வருமானத்துக்குத் தக்க கட்டணம், மாலை நேர சிகிச்சை, நடமாடும் வண்டி எல்லாம் மெல்ல மெல்ல உருவானது இந்த வழியில். ஆனாலும் பதினோரு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் வயலில் குடிநீரும் கழிப்பறையும் கை கழுவ வசதியும் வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது 1987இல்தான். விஞ்ஞானிகள் பெல் கிளேடின் எய்ட்ஸ் நோயாளிகளை எண்ணி முடித்த அதே ஆண்டு!

நின்ற இடத்தில் இருப்பவர்களுக்கு வகுத்த மருத்துவம் நகர்ந்துகொண்டே இருப்பவர்களைத் தவறவிடும். எண்பதுகளின் எச்.ஐ.வி. பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முதல் சோதனையில் நேர்மறை என்றால் இரண்டாவது முறையில் உறுதி செய்து, முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் புளோரிடாவில் பயிர் முடிந்திருக்கும். கூலிகள் ஜார்ஜியாவில் இருப்பார்கள், அடுத்து கரோலினாக்கள், பிறகு நியூஜெர்சி, நியூயார்க் என்று காய்ப்பைத் தொடர்ந்து வடக்கே போய்க்கொண்டிருப்பார்கள். முடிவுத்தாள் பெல் கிளேடில் கோப்பில் கிடக்கும். தான் நோயாளி என்றே தெரியாத நோயாளி நாலு மாநிலம் தாண்டியிருப்பார். இருபது நிமிடத்தில் முடிவு சொல்லும் ஓராக்விக் பரிசோதனைக்கு 2002இல் அனுமதி கிடைத்தபோது நகரத்து மருத்துவமனைகள் அதை ஒரு வசதியாகப் பார்த்தன. கூலி முகாம்களில் பரிசோதனை என்ற சொல்லுக்கே அப்போதுதான் அர்த்தம் வந்தது.

கேட்கும் கேள்வியிலும் கோளாறு இருந்தது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த கூலிகளிடம் "போதை ஊசி போடுவீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் சோர்வுக்கு வைட்டமின் ஊசியும் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஊசியும் தாங்களே போட்டுக்கொண்டார்கள். சிலர் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாத்திரையை விட ஊசிதான் வேலை செய்யும் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதா என்ன? "ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்" என்று கேட்காத கிராமம் எது? இதைக் கண்டுபிடித்துச் சரியாகக் கேட்க, முகாமிலேயே வாழ்ந்த ஆள் தேவைப்பட்டார். ப்ரொமோத்தோராக்கள் என்று அழைக்கப்படும் பெண்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். அவர்களும் கூலிகளே, அல்லது கூலிகளின் குடும்பத்தார். பயிற்சி எடுத்து, துணி துவைக்கும் இடத்தில், சமையல் நேரத்தில், அதே மொழியில் பேசுவார்கள். வெள்ளை அங்கி போட்டவர் ஆணுறை என்று சொல்வதற்கும் பக்கத்து அறைக்கார அக்கா சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பரிசோதனைக்கு வராததற்குப் பயமும் காரணம். 1987இல் அமெரிக்கா எச்.ஐ.வி.யை வெளிநாட்டவரை நுழைய விடாமல் தடுக்கும் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நிரந்தர வசிப்புரிமை கேட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயக் கூலிகள் சட்டபூர்வ ஆவணத்துக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஊசி முனையில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் காகிதம் போய்விடும் என்றால் யார் கை நீட்டுவார்? அந்தத் தடை விலகியது 2010 ஜனவரியில். இருபத்திரண்டு ஆண்டு நீடித்த தடை ஒரு தொற்றையாவது நிறுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. பல பேரைப் பரிசோதனைக்கு வராமல் நிறுத்தியிருக்கும்.

சிகிச்சை வந்த பிறகு நகர்வின் பிரச்சினை இன்னும் கூர்மையானது. கூட்டு மருந்தைத் தவறாமல் எடுத்தால் ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை. சிகிச்சையே தடுப்பு என்பதை நிறுவிய பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. தொற்று உள்ள ஒருவர், இல்லாத ஒருவர் என்ற 1,763 இணைகளிடம், ஒன்பது நாடுகளில் நடந்த அந்த ஆய்வில் உடனே மருந்து தொடங்கியவர்களின் துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது. சென்னையும் அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று.

ஆனால் "தவறாமல்" என்ற நிபந்தனை வேண்டும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மீண்டும் ஏறும். அதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. பல ஆண்டுகள் பரவலாகக் கொடுக்கப்பட்ட மூன்று மருந்துக் கூட்டில் எஃபாவிரென்ஸ் என்பது உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறும். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மற்ற இரண்டும் முன்னால் போய்விடும். எஃபாவிரென்ஸ் மட்டும் நாள்கணக்கில் தனியாக ரத்தத்தில் தங்கும். மூன்று பேர் காவல் காத்த வாசலில் ஒரே ஒருவர் நிற்பது போல. அவரைத் தாண்டத் தெரிந்த வைரஸ் வகை பிழைத்துப் பெருகும். அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாது. இப்போதைய டோலூடெக்ராவிர் போன்ற மருந்துகளை எதிர்த்து வைரஸ் அவ்வளவு சுலபமாகப் பழகிக்கொள்ள முடியாது என்பது பெரிய ஆறுதல்.

மருந்து எடுப்பதில் இந்த இடைவெளி ஏன் விழுகிறது? 1990இல் வந்த ரையன் வைட் சட்டம் அமெரிக்காவின் நல்ல சட்டங்களில் ஒன்று. காப்பீடு இல்லாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அதன் பணத்தில் மருந்து கிடைக்கும். குடியுரிமை இருந்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் மருந்துதவித் திட்டத்தை நடத்துவது மாநிலங்கள். அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். புளோரிடாவில் பதிவு செய்த தொழிலாளி ஜார்ஜியாவில் தக்காளி பறிக்கப் போனால் எல்லையில் மருந்துச் சீட்டு நின்றுவிடும்; அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வாடகை ரசீது காட்ட வேண்டும். முகாம் படுக்கைக்கு யார் ரசீது கொடுப்பார்? புதுப் பதிவு கைக்கு வரும்போது பயிர் முடிந்திருக்கும். புலம்பெயர் மருத்துவர் வலையமைப்பு போன்ற அமைப்புகள் இதற்குத்தான் வேலை செய்கின்றன. நோயாளி அடுத்துப் போகும் ஊரில் மருத்துவமனையைத் தேடி, கோப்பை முன்கூட்டியே அனுப்பி, போய்ச் சேர்ந்தாரா என்று தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். காசநோய்க்குத் தொடங்கிய ஏற்பாடு இது. ஆடம்பர விஞ்ஞானம் எதுவும் இல்லை, ஒரு குமாஸ்தாவின் பொறுமை போதும். என் கணக்கில் இதுவும் ஒரு தடுப்பு மருந்துதான்.

இப்போது காட்சி மாறியிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவிலேயே பெல் கிளேடில் கரும்பு வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. ஜமைக்கா ஆட்கள் வருவது நின்றது. காய்ப்பைத் தொடர்ந்து மாநிலம் மாநிலமாகச் சுற்றும் கூலிகளின் பங்கும் குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் எச்–2ஏ என்ற தற்காலிக விவசாய விசா பெருகியிருக்கிறது. 2005இல் சுமார் 48,000 வேலையிடங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2023இல் அது 3.7 லட்சத்தைத் தாண்டியது. வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது, தங்குமிடமும் முதலாளியுடையது, கடைக்குப் போவதும் மருத்துவமனைக்குப் போவதும் அவருடைய வண்டியில். எதற்காக மருத்துவமனை என்று ஓட்டுநர் கேட்டால் என்ன சொல்வது? ஒரே அறையில் பலர் தூங்கும் இடத்தில் மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது? தொற்று வராமல் காக்கும் தினசரி மாத்திரைக்கு 2012இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. பிறர் கண்ணில் படாமல் தினம் ஒன்றை விழுங்கத் தனிமை வேண்டும் என்பதை அந்த மாத்திரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் லெனகாபவிர் ஊசி இந்தத் தொழிலாளர்களுக்கென்றே செய்தது போல் தோன்றுகிறது. வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால் ஆறு மாதம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். வைரஸின் உள்ளோட்டைக் கட்டவோ கலைக்கவோ விடாமல் அது தடுக்கிறது. 2024இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இந்த ஊசி பெற்ற 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா இதைத் தடுப்புக்கு அனுமதித்தது. விசாக் காலம் பெரும்பாலும் பத்து மாதத்துக்குள் முடிவது. வந்ததும் ஊசி போட்டுக்கொண்டு முதல் இரண்டு நாள் மாத்திரையை விழுங்கிவிட்டால் பிறகு புட்டி இல்லை, மறைக்க எதுவுமில்லை. அடுத்த ஊசிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் சலுகையும் உண்டு. நாட்காட்டிக்கு மருந்து ஒருவழியாக இணங்கி வந்துவிட்டது.

விலைதான் இணங்கவில்லை. அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸும் ஹெட்டிரோவும் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு இதைச் செய்து 2027 முதல் 120 நாடுகளுக்குக் கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. அந்த 120 நாடுகளின் பட்டியலில் மெக்சிகோ இல்லை. புளோரிடாவில் ஆரஞ்சு பறிக்கும் மெக்சிகோத் தொழிலாளி முதல் ஊசியை அமெரிக்க விலையில் யாராவது போட்டுவிட்டால் போட்டுக்கொள்ளலாம்; ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பியதும் இரண்டாவது ஊசிக்கு மலிவு விலை அவருக்குக் கிடையாது.